ஸ்டாம்ஃபோர்டா, பாடாங்கா

ஆகஸ்ட் 31, 2025, ஞாயிறு

ஸாண்ட்வோர்ட் எஃப்1 ரேஸில் ஏழு சுற்று பாக்கி இருக்கும்போது நாரிஸ் காரில் புகை. மெக்லாரன் அணியில் அவருடைய கூட்டாளி பியாஸ்ட்ரிக்கு 25 புள்ளி, நாரிஸுக்கு ஒன்றுமில்லை. சாம்பியன்ஷிப்பில் இருவருக்கும் இடைவெளி 34. ரேஸிங் புல்ஸ் காரை வைத்துக்கொண்டு ஹஜார் மூன்றாவது. சிங்கப்பூர் வரும்போது சாம்பியன்ஷிப்பில் உயிர் இருக்குமா? கணக்குப்படி இருக்கும். ரசிக்கும்படி இருக்குமா என்பது வேறு கேள்வி.

அக்டோபர் 5 சிங்கப்பூர் ரேஸுக்கு டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

எந்த ஸ்டாண்டில் உட்காருவது? எழுதிப் பார்த்தால்தான் தெளியும்.

பாடாங் ஸ்டாண்ட் ஒன்பதாம் வளைவுக்கும் பத்துக்கும் நடுவில், செயின்ட் ஆண்ட்ரூஸ் சாலையோரம். கார்கள் கண்ணுக்குக் குறுக்காக ஓடும், வண்டியின் பக்கவாட்டு முழுசாகத் தெரியும், ஆனால் அங்கே யாரும் யாரையும் முந்தப்போவதில்லை. ஸ்டாம்ஃபோர்ட் ஏழாம் வளைவு. ராஃபிள்ஸ் புலவார்டில் டிஆர்எஸ் (முன்னால் போகும் காருக்கு ஒரு வினாடிக்குள் இருந்தால் பின்சிறகைத் திறந்து வேகம் கூட்டலாம்) திறந்தபடி வந்து ஒரே மிதியில் வேகத்தை இறக்கும் இடம். மரீனா பேயில், அதாவது சிங்கப்பூர் ஓடுதளத்தில், முந்தல் என்று ஒன்று நடந்தால் பெரும்பாலும் இங்கேதான். பதினான்காம் வளைவில் கானாட் ஸ்டாண்ட் இருக்கிறது. 2023-ல் பழைய 16 முதல் 19 வரையிலான வளைவுகளைத் தூக்கிவிட்டு ராஃபிள்ஸ் அவென்யூவில் 397.9 மீட்டர் நேர்ப்பாதை போட்டார்கள், 23 வளைவு 19 ஆனது. 2024-ல் பதினான்கு தாண்டியதும் நாலாவது டிஆர்எஸ் வந்தது. அதிலிருந்து பதினான்கைவிட்டு யார் சுத்தமாக வெளியே வருகிறார்கள் என்பதற்கு மதிப்பு கூடிவிட்டது. ஆனால் வெளியேறுவதை வேடிக்கை பார்ப்பது பழகிய கண்ணுக்குத்தான் ருசிக்கும். பிரேக் பிடிப்பது எல்லோருக்கும் புரியும்.

எந்த ஸ்டாண்ட் என்பதைவிட எத்தனையாவது வரிசை என்பதுதான் முக்கியம். கீழ் வரிசை ஓடுதளத்துக்குக் கிட்டே என்று ஆசைப்பட்டு எடுப்பவர்கள் தடுப்புவலையை மறந்துவிடுகிறார்கள். வலையை நேர்க்குநேர் பார்த்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். சாய்வாகப் பார்க்கும்போது கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சுவர் மாதிரி ஆகிவிடும். கார் வருகிற திசை எப்போதுமே சாய்வுதான். அதனால் வலையின் மேல் விளிம்புக்கு மேலே பார்வை போகிற உயரம் வேண்டும். அடுத்தது, எதிரே பெரிய திரை தெரிகிறதா. திரை இல்லாத இருக்கையில் நாற்பதாவது சுற்றுக்கு மேல் யார் எங்கே என்றே தெரியாது.

உயரம் என்றால் படி. முட்டி.

செப்டம்பர் 3, புதன்

வீக்கம் வற்றவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

மோன்ஸா. வெர்ஸ்டாப்பன் 1 மணி 13 நிமிடம் 24 வினாடி. எஃப்1 வரலாற்றிலேயே சீக்கிரம் முடிந்த முழுநீள ரேஸ். பின்னால் மெக்லாரன் கூத்து: டயர் மாற்றும் பிட் நிறுத்தம் நாரிஸுக்கு இழுத்துவிட்டது, பியாஸ்ட்ரி முன்னால் வந்துவிட்டார், இடத்தைத் திருப்பிக் கொடு என்று அணி சொன்னது, கொடுத்தார். மூன்று புள்ளிக்காக இவ்வளவு பஞ்சாயத்து.

அங்கே ஒன்றேகால் மணிக்குள் முடிந்துவிட்டது. மரீனா பேயில் இரண்டு மணி நேர வரம்பை முட்டிய வருடங்கள் உண்டு. இருக்கையில் உட்கார்ந்தபடி இரண்டு மணி நேரம், அதற்கு முன்னால் ஒரு மூன்று.

செப்டம்பர் 9, செவ்வாய்

சிங்கப்பூர் ரேஸ் ஏன் ஊர்வலமாகிறது என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். காரணம் மூன்று, மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. தெரு ஒடுக்கம், முந்துவது கஷ்டம். எனவே முன்னால் இருப்பவர் வேகமாகப் போகத் தேவையில்லை, டயரைப் பாதுகாத்து மெதுவாக ஓட்டினாலே போதும். பிட் லேனில் 60 கி.மீ. வரம்பு, ஒருமுறை உள்ளே போய் வந்தால் நஷ்டம் அதிகம். எனவே எல்லோரும் ஒரே ஒரு நிறுத்தம். முன்னால் இருப்பவர் இன்னும் மெதுவாகப் போவார், பின்னால் இருப்பவர்கள் ஒட்டிக்கொண்டே வருவார்கள், நடுவில் இடைவெளியே விழாது. இடைவெளி இல்லாவிட்டால் பிட்டுக்குப் போனவன் நெரிசலுக்குள் வந்து விழுவான். அதனால் யாரும் முதலில் போகத் துணிவதில்லை.

2023-ல் முதலிடத்தில் ஓடிய சாய்ன்ஸ் செய்தது இதன் உச்சம். புது மீடியம் டயரில் ரஸ்ஸலும் ஹாமில்டனும் துரத்தி வருகிறார்கள். நடுவில் நாரிஸ். சாய்ன்ஸ் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து நாரிஸைத் தன் ஒரு வினாடிக்குள் வைத்துக்கொண்டார். நாரிஸுக்கு டிஆர்எஸ் கிடைத்தது, அதை வைத்து அவர் பின்னால் வருபவர்களைத் தடுத்தார். கடைசிச் சுற்றில் ரஸ்ஸல் பத்தாம் வளைவுச் சுவரில் உரசி முடிந்துபோனார். அந்த வருடம் ரெட் புல் ஜெயிக்காத ஒரே ரேஸ். ஊர்வலம் என்று அலுத்துக்கொள்பவர்கள் அந்தக் கடைசிப் பத்துச் சுற்றை இன்னொரு முறை பார்க்கட்டும்.

பத்தாம் வளைவு பாடாங் பக்கம். அடக் கடவுளே.

செப்டம்பர் 12, வெள்ளி

வாக்அபவுட் (இருக்கை இல்லாமல் நடந்து பார்க்கும் டிக்கெட்) பற்றித் தம்பி கேட்டான். சுற்றுக்குள் நான்கு மண்டலம். பிரீமியர் என்றால் நான்கிலும் நடக்கலாம், மண்டலம் 4 மட்டும் என்றால் பாடாங் பக்கத்தைவிட்டு நகர முடியாது. உயரமான மேடைகள் முதல் கார் வெளியே வருவதற்கு வெகு முன்பே நிரம்பிவிடும். பிடித்த இடத்தைவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனால் இடம் போச்சு. அவனுக்கு ரேஸோடு நடக்கும் கச்சேரிதான் முக்கியம், அவனுக்குச் சரி. நின்றுகொண்டே ஐந்து மணி நேரம் இந்த முட்டிக்குச் சரிவராது.

காம்பினேஷன் டிக்கெட் என்று ஒன்று உண்டு: மூன்று நாளும் ஒரே ஸ்டாண்டில் இருக்க வேண்டியதில்லை. வெள்ளி பாடாங், சனி ஞாயிறு ஸ்டாம்ஃபோர்ட். பிராக்டிஸ் நாளில்தான் பக்கவாட்டுக் காட்சி வேண்டும்.

செப்டம்பர் 13, சனி

எடுத்தாயிற்று.

செப்டம்பர் 20, சனி

பாகூவில் குவாலிஃபையிங் (கிளம்பும் வரிசையைத் தீர்மானிப்பது) மட்டும் இரண்டு மணி நேரம். ஓட்டத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி ஆறு. இதற்குமுன் ஒரே குவாலிஃபையிங்கில் இத்தனை வந்ததில்லை. காற்று, தூறல், சுவர். பியாஸ்ட்ரியும் சுவரில்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பியாஸ்ட்ரி விளக்கு அணையும் முன்பே நகர்ந்தார், அப்புறம் முதல் சுற்றிலேயே மறுபடி சுவர். வெர்ஸ்டாப்பன் ஜெயிப்பு, ரஸ்ஸல் இரண்டு, வில்லியம்ஸ் காரில் சாய்ன்ஸ் மூன்று. நாரிஸ் ஏழாவது, கிடைத்த அல்வாவைச் சாப்பிடவில்லை. தெருச் சுற்றில் பியாஸ்ட்ரியின் நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறதா என்பதை ஏழாம் வளைவிலேயே பார்த்துவிடலாம். சந்தேகம் இருக்கிறவன் பிரேக்கை ஐந்து மீட்டர் முன்னால் பிடிப்பான்.

செப்டம்பர் 24, புதன்

மழை, மழை, மழை. வானிலை அறிக்கையைத் திறக்காமல் ஒரு மணி நேரம்கூட இருக்க முடியவில்லை. பத்து நாள் முன்னறிவிப்பு அந்த ஊருக்கு உதவாது. மேகம் உருவாகிக் கொட்டி முடிவது ஒரு மதியத்துக்குள். பார்க்க வேண்டியது அன்றைய ரேடார் படம் மட்டுமே.

பகல் ரேஸ் என்றால் மழை நின்றதும் வெயில் அடித்துத் தார் காய்ந்துவிடும். இங்கே இரவு, காற்றில் ஏற்கெனவே ஈரம், கட்டடங்கள் காற்றை மறைக்கின்றன. நீர் ஆவியாகாது. டயர்கள்தான் பிழிந்து பிழிந்து ஒரு கோட்டைக் காய வைக்க வேண்டும். 2022-ல் தொடக்கமே 65 நிமிடம் தள்ளிப்போனது. எல்லோரும் இன்டர்மீடியட் என்ற ஈரச்சாலை டயரில் கிளம்பி, பாதி ரேஸுக்கு மேல் ஓடிய பிறகே வழுவழு டயருக்கு மாற முடிந்தது. 61 சுற்றில் 59-தான் ஓடியது, நேரம் முடிந்துவிட்டது. 2017-ல் ஈரத்தில் தொடக்கம்: வெட்டல், வெர்ஸ்டாப்பன், ரைக்கோனன் மூவரும் முதல் வளைவுக்கு முன்பே ஒருவருக்குள் ஒருவர். காய்ந்த கோட்டுக்கு வெளியே சாலையில் தீட்டிய வெள்ளைக்கோடும் இரும்பு மூடியும் கடைசிவரை வழுக்கும்.

பார்வையாளருக்கு: குடை வேண்டாம், பின்வரிசை அடிக்க வரும். முதுகுப்பையையும் சேர்த்து மூடுகிற அகலத்தில் போன்சோ மழையங்கி. கைபேசிக்கு ஜிப் பை இரண்டு, ஒன்று கிழியும். மாற்றுச் சாக்ஸ். இருக்கையைத் துடைக்க ஒரு பழந்துணி.

செப்டம்பர் 27, சனி

காதடைப்பான். 2013 வரை இருந்த 18,000 ஆர்பிஎம் வி8 போய், 1.6 லிட்டர் வி6 டர்போ வந்ததும் சத்தமே இல்லை என்று பேச்சானது. ஆனால் சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவே அது எதிரொலிக்கும், மூன்று நாள் தொடர்ந்து. போதாதற்குத் துணைப் பந்தயத்தில் வரும் போர்ஷே கப் கார்கள் காதைக் குத்தும். நுரை அடைப்பானை விரலில் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் சும்மா செருகிக்கொண்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

படம் எடுக்க: பக்கவாட்டில் ஓடும் காருக்கு முதலில் 1/500. கை பழகியதும் 1/125 வரை இறங்கலாம். அழுத்திய பிறகும் காரோடு திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் மங்கும். பாடாங்கில் மட்டும். ஸ்டாம்ஃபோர்டில் கேமராவை எடுப்பதாக இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

இந்த வருடம் பிட் லேன் வரம்பு 60 இல்லை, 80 கி.மீ.!

நூறு மீட்டர் தூரத்தை 60-ல் கடக்க 6 வினாடி, 80-ல் 4.5. நானூறு மீட்டருக்கே ஆறு வினாடி மிச்சம். இரண்டு நிறுத்தம் போடச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். போடுவார்களா? சந்தேகம்தான். நஷ்டம் குறைந்தது உண்மை, ஆனால் உள்ளே போய் வந்தவன் ஐந்து காரை முந்தியாக வேண்டும் என்பது மாறவில்லை. டயர் சி3, சி4, சி5: வெள்ளை கெட்டி, மஞ்சள் நடுத்தரம், சிவப்பு மென்மை. மஞ்சளில் தொடங்கி வெள்ளைக்குப் போவார்கள். விபத்து நடந்து, எல்லோரையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் வந்தால் கதை வேறு. 2008 முதல் 2023 வரை நடந்த ஒவ்வொரு சிங்கப்பூர் ரேஸிலும் வந்தது. போன வருடம்தான் முதன்முறையாக வரவில்லை, நாரிஸ் 20 வினாடிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

சிங்கப்பூருக்குள் நுழைய அரைவல் கார்டு பதிந்தாயிற்று. இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் ஏற்கும், காசு கிடையாது. பவர் பேங்க் கைப்பையில்.

அக்டோபர் 2, வியாழன்

வெப்ப அபாயம் என்று எஃப்ஐஏ (மோட்டார் பந்தயங்களின் உலக அமைப்பு) அறிவித்துவிட்டது, இந்த விதி வந்த பிறகு முதல் தடவை. வெப்பக் குறியீடு 31 டிகிரியைத் தாண்டும் என்று கணித்தால் அறிவிக்கலாம். குழாய் ஓடும் குளிர்ச்சி உடுப்புக்கான அமைப்பு காரில் இருந்தாக வேண்டும், காரின் குறைந்தபட்ச எடை 5 கிலோ கூடும். உடுத்துவது ஓட்டுநர் விருப்பம், ஆனால் உடுத்தாவிட்டால் அந்த எடையை வேறு விதத்தில் சுமக்க வேண்டும். 2023 கத்தாரில் ஒகான் ஹெல்மெட்டுக்குள் வாந்தி எடுத்ததும் சார்ஜன்ட் பாதியில் நின்றதும்தான் இதற்கெல்லாம் ஆரம்பம்.

நகர மண்டபம் ரயில் நிலையத்தில் மின்படி இருக்கிறது. மேல்நடைப் பாலங்களில் எல்லா இடத்திலும் இல்லை. ஸ்டாண்ட் படியை எண்ணிவிடலாம், பாலத்தைத்தான் கணக்கில் வைக்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

ஐந்தரை மணி பிராக்டிஸில் அலோன்ஸோ முதலில். அதை நம்பக் கூடாது. அப்போது வெளிச்சம் இருக்கிறது, தார் சூடாக இருக்கிறது. ஒன்பது மணிக்கு நடப்பதுதான் குவாலிஃபையிங்கின் நேரம், அதில் பியாஸ்ட்ரி. ஆல்பன் காரில் பின் பிரேக் தீப்பிடித்தது. பிரேக் ஆறுவதற்கு நீண்ட நேர்ப்பாதை வேண்டும், இங்கே இல்லை. பிரேக்குக்குக் காற்று போகும் துளையைப் பெரிதாக்கினால் காற்று இழுவை கூடும், சிறிதாக்கினால் இப்படி. ரஸ்ஸல் 16-ஆம் வளைவில், லாசன் 17-ஆம் வளைவில் சுவர். பிட் லேனில் லெக்லேரை அவசரமாக வெளியே விட்டு நாரிஸைச் சுவரோடு சேர்த்தார்கள்.

இரவில் பிரேக் தட்டு செக்கச்செவேல் என்று தெரியும் என்று நினைத்து வருபவர்கள் ஏமாறுவார்கள். 2022 முதல் சக்கரத்துக்கு மூடி வந்துவிட்டது. அதற்குப் பதில் தீப்பொறி: அடிப்பலகையில் பதித்த டைட்டானியம் துண்டு தாரை உரசும்போது. பாடாங்கில் ஒரே இடத்தில் எல்லாக் காரும் பொறி விட்டன, சாலையில் மேடு அங்கேதான். ஒரு கார் மட்டும் அதற்கு ஒரு கை முன்னாலேயே விட்டது, அவ்வளவு தாழ்வாக ஓடுகிறது. பலகை 10 மி.மீ., தேய்ந்து 9-க்குக் கீழே போனால் தகுதிநீக்கம். இந்த வருடம் சீனாவில் ஹாமில்டனுக்கு ஆனது அதுதான். பின்விளக்கையும் பார்க்க வேண்டும். நேர்ப்பாதை முடிவதற்குள் சிவப்பு மினுக்கினால் மின்சாரம் தீர்ந்து சேமிக்கிறது என்று அர்த்தம்.

அக்டோபர் 4, சனி

ரஸ்ஸல் 1:29.158. போல், நாளை முதலிடத்தில் கிளம்புவார். நேற்றுச் சுவரில் போன அதே ஆள்.

ஸ்டாம்ஃபோர்டில் இருந்து: வேகச் சுற்றைவிட அதற்கு முந்தைய சூடேற்றும் சுற்றுதான் பாடம். முன்டயர் சூடாக வேண்டும், பின்டயர் சூடாகக் கூடாது. பின்டயர் இப்போதே கொதித்தால் வேகச் சுற்றின் மூன்றாம் பகுதியில் பிடி போய்விடும். அதனால் பிரேக்கை அழுத்தி முன்டயரைத் தேய்த்துவிட்டு, வளைவைவிட்டு வெளியே வரும்போது பூனை மாதிரி மெல்ல மிதிக்கிறார்கள். உள்பக்க முன்டயர் பூட்டிக்கொண்டு வெண்புகை வந்தால் அந்தச் சுற்று போச்சு. டயரில் தேய்ந்து தட்டையான இடம் ஒவ்வொரு உருளலிலும் அதிரும்.

பியாஸ்ட்ரி பிரேக்கை முன்கூட்டிப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

காலை செய்தி: வில்லியம்ஸ் இரண்டுக்கும் தகுதிநீக்கம். டிஆர்எஸ் திறந்தால் பின்சிறகில் விழும் இடைவெளி 85 மி.மீ. தாண்டக் கூடாது, தாண்டிவிட்டது. கடைசியிலிருந்து கிளம்ப வேண்டும், சாய்ன்ஸையும் சேர்த்து.

கிளம்பும் வரிசை: ரஸ்ஸல், வெர்ஸ்டாப்பன், பியாஸ்ட்ரி, அன்டோனெல்லி, நாரிஸ். டயர் போர்வையைக் கழற்றும்போது வெர்ஸ்டாப்பனுக்கு என்ன நிறம் என்று திரையில் பிடிக்க வேண்டும். சிவப்பு என்றால் முதல் வளைவுக்குள் முந்தப் பார்க்கிறார், முடியாவிட்டால் அந்தச் சிவப்பு அவருக்கே வினை. மஞ்சள் என்றால் 80 கி.மீ. பிட் லேனை நம்புகிறார்.

முட்டிப் பட்டை, மாத்திரை, போன்சோ, ஜிப் பை இரண்டு. பாலத்தில் கூட்டம் சேர்வதற்குள் ஐந்து மணிக்கே உள்ளே போய்விடுவது நல்லது. ரேடாரில் தெற்கே ஒரு திட்டு