பாபிலோனுக்குப் போன கடிதமும் 60 நாள் கெடுவும்

பினாங்கின் தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை ஆட்குறைப்பு அறிவித்தால், அந்த வாரமே பினாங்குத் தமிழ்ச் சபைகளின் ஜெபக்குறிப்பில் அது ஏறிவிடும். ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வசனத்தைத்தான் எடுத்துப் போகிறார்கள்: எரேமியா 29:11. 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' அதற்கு முந்தைய பத்து வசனங்களை விட்டுவிட்டு இதை மட்டும் வாசித்தால், கேட்பவருக்குப் பொய் நம்பிக்கைதான் மிஞ்சும்.

அது பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி முந்தைய அதிகாரத்தில் சொல்லியிருந்தான். கடிதமோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள், 70 வருடம் ஆகும் என்கிறது. "அடுத்த மாசமே இதைவிட நல்ல வேலை தருவார், பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வருவது அனனியாவின் வழி. அடுத்த மாதம் வேலை வரவில்லையென்றால் வேலை இழந்த அந்த மனிதர் தன் விசுவாசத்தில்தான் குறை என்று எடுத்துக்கொள்வார். பிறகு ஆராதனைக்கு வரவே கூசுவார்.

அவரைப் பார்க்கப் போகும் முதல் சந்திப்புக்கு அரை மணி நேரம் போதும். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. சாட்சி சொல்ல வேண்டாம். ஏதாவது வாசிக்கச் சொன்னால் சங்கீதம் 13 வாசிக்கலாம். எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று தாவீதே கேட்டிருக்கிறான்.

இரண்டாவது சந்திப்பை அதே வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இது காகிதத்துக்கு. கடன்காரன் வாசலில் நின்ற விதவையிடம் எலிசா முதலில் கேட்டது, வீட்டில் உன்னிடம் என்ன இருக்கிறது என்பதுதான். வேலைநீக்கக் கடிதம், ஒப்பந்தம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதிக்கு வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 'கர்த்தர் கதவைத் திறப்பார்' என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. வேறு சிலர், சுமுகமாக முடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்பி, தாமாக விலகுவதாக ராஜினாமாவில் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். சொந்த விருப்பத்தில் விலகியவருக்கு இந்த உதவித்தொகை கிடையாது. அதனால் கையெழுத்துப் போடுமுன் கடிதத்தை யாராவது ஒருவர் வாசித்துப் பார்க்க வேண்டும்.

2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி இந்த உதவித்தொகை முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றிலும் நான்கிலும் 40, ஐந்திலும் ஆறிலும் 30. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது கட்டிய சந்தாவைப் பொறுத்தது. 3,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளக்காரருக்கு முதலில் சுமார் 2,400 வரும், அடுத்த மாதமே 1,500 ஆகிவிடும். வீட்டுச் செலவை அந்த 1,500-க்கு ஏற்ப முதல் மாதமே குறைத்துக்கொண்டால் நல்லது.

முதலாளி தர வேண்டிய வேலைநீக்க இழப்பீடு தனிக் கணக்கு. மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்போகாத சம்பளத்தில் குறைந்தது ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், ஐந்து வருடத்துக்குக் குறைவானால் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். எட்டு வருடம் உழைத்தவருக்கு 160 நாள் சம்பளம் ஆயிற்று. அதை வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். வராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். முறையீடு செய்வது அவிசுவாசம் அல்ல. சிறையிலிருந்த யோசேப்பு பானபாத்திரக்காரனிடம் 'என்னை நினைத்து, பார்வோனிடம் சொல்லும்' என்று கேட்டுக்கொண்டவன்தான். அவன் மறந்துபோனதும், யோசேப்பு இன்னும் இரண்டு வருடம் உள்ளே இருந்ததும் வேறு விஷயம்.

பெரிய தொகை கைக்கு வரும் நேரத்தில் பல மடங்காகத் திரும்பி வரும் என்று சொல்லி அதை 'விதை' காணிக்கையாகப் போடச் சொல்லும் ஊழியர்களும் வந்துசேர்வார்கள். அவர்களுக்கு 2 இராஜாக்கள் 4:7-ஐக் காட்டலாம்: அந்த விதவையிடம் எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததில் பிள்ளைகளோடு பிழைக்கச் சொன்னார் தீர்க்கதரிசி. தனக்கு ஒரு குடம் கேட்கவில்லை. வீட்டுக் கடனோ வாகனக் கடனோ நெருக்கினால், தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடமோ, 2006-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பான ஏ.கே.பி.கே.யிடமோ பேசிவிட வேண்டும். ஏ.கே.பி.கே. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

சபைகள் அதிகம் சறுக்குவது நான்காம் மாதத்தில். முதல் வாரம் வீடு கொள்ளாத கூட்டம் வரும். உதவித்தொகை 40 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கும்போது ஆளே இருக்காது. நம்பிக்கை ஆட்டம் காண்பதும் அப்போதுதான். அந்த மாதச் சந்திப்புக்கு யார் போவது என்பதை முதல் வாரத்திலேயே பெயரெழுதி முடிவுசெய்துவிட வேண்டும். அரிசி, எண்ணெய், பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக் காசு, இவ்வளவும் போதும். வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்க வேண்டியதில்லை. கிடைத்தால் அவரே சொல்லிவிடுவார்.