ஐந்து மெயில் கணக்கும் பேக்கிங் செக்‌ஷன் போனும்

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். சின்னக் கம்பெனி என்பதால் பையருக்குப் பதில் எழுதுவதில் தொடங்கி பிரின்டரில் சிக்கிய பேப்பரை உருவுவது வரை எல்லாம் என் தலையில்தான். 'தம்பிக்குக் கம்ப்யூட்டர் நல்லாத் தெரியும்' என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அதோடு சரி. இந்த மெயில் வேலையும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

கம்பெனி டொமைனில் மூன்று கணக்குகள். ஆர்டருக்கு ஒன்று, ஷிப்பிங் டாக்குமென்டுக்கு ஒன்று, அக்கவுன்ட்ஸுக்கு ஒன்று. முதலாளியின் ஜிமெயில் நான்காவது, என் சொந்த ஜிமெயில் ஐந்தாவது. அக்கவுன்ட்ஸ் அக்கா பிரசவ விடுப்பில் போனதும் அவருடைய மெயிலையும் நானே பார்க்க வேண்டியதாயிற்று. பிரவுசரில் ஐந்து டேப் திறந்துவைத்து, எதில் என்ன வந்தது என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு லேப் டிப் அப்ரூவல் (சாயமேற்றிய மாதிரித் துணியின் நிறத்துக்குப் பையர் தரும் ஒப்புதல்) இரண்டு நாள் கண்ணிலேயே படவில்லை. டையிங்குக்குத் துணி போகத் தாமதமாகி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கே முடிவு செய்தேன்: எல்லாவற்றையும் தண்டர்பேர்டு என்ற மெயில் சாஃப்ட்வேரில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவது.

கணக்குகளைச் சேர்க்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. முகவரி, பாஸ்வேர்டு கொடுத்தால் சர்வர் விவரத்தை அதுவே தேடி எடுத்துக்கொள்கிறது. ஜிமெயிலுக்கு மட்டும் தனி ஜன்னல் திறந்து, கூகுள் பக்கத்திலேயே லாகின் செய்யச் சொல்லும். அந்த ஜன்னல் வெறுமையாக நின்றால் தண்டர்பேர்டு செட்டிங்ஸில் குக்கீ அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். நேரடியாகப் பாஸ்வேர்டு கொடுத்து ஜிமெயிலைச் சேர்க்கும் பழைய வழியெல்லாம் 2022 மே மாதத்தோடு முடிந்துவிட்டது.

அக்கவுன்ட்ஸ் மெயிலின் பாஸ்வேர்டு ஆபீஸில் பாதிப் பேருக்குத் தெரியும். சேர்க்கிற கையோடு அதை மாற்றிவிடலாம் என்று நினைத்து மாற்றினேன். நல்ல காரியம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

முதல் அதிர்ச்சி அக்கவுன்ட்ஸ் இன்பாக்ஸைத் திறந்ததும் வந்தது. உள்ளே மொத்தம் பதினொரு மெயில். நான்கைந்து வருட டெபிட் நோட், பேங்க் அட்வைஸ், ஃபார்வர்டர் பில் எல்லாம் இருக்க வேண்டிய இடம் அது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அது ரொம்ப நாளு முன்னாடிங்க தம்பி. மெயில் பாக்ஸ் ஃபுல்லு, ஃபுல்லுன்னு பார்ட்டிகளுக்கெல்லாம் திரும்பிப் போயிட்டிருந்துச்சு. யாரோ வந்து ஒரு டிக்கை எடுத்து உட்டாங்க. அப்பறம் பிரச்சினையே இல்லீங்க."

அந்த 'டிக்' என்னவென்று கேட்டவுடனே புரிந்துவிட்டது. அக்காவின் பழைய கம்ப்யூட்டரிலும் தண்டர்பேர்டுதான். அதில் அந்தக் கணக்கு, மெயில் சர்வரிலேயே தங்கும் ஐமேப் முறையில் இல்லை, பாப் முறையில் இருந்திருக்கிறது. பாப் என்றால் மெயிலை சர்வரிலிருந்து இறக்கி அந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வது. 'லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்' என்ற டிக் இருந்தால் சர்வரிலும் ஒரு பிரதி தங்கும். எடுத்துவிட்டால், இறங்கியதும் சர்வரில் அழிந்துவிடும். ஆக, அத்தனை வருட மெயிலும் இருந்தது உலகத்திலேயே அந்த ஒரு டப்பாவில்தான். அந்த டப்பாவை முந்தின நாள்தான் எக்ஸ்சேஞ்சில் கடைக்குக் கொடுத்திருந்தோம்.

வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். "நேத்தே பார்மெட் அடிக்கச் சொன்னேனுங்க, பையன் லீவு போட்டுட்டான்" என்றார் கடைக்காரர். முன்பின் தெரியாத அந்தப் பையனுக்கு இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், பழைய மெஷினில் தண்டர்பேர்டைத் திறக்காதீர்கள். இன்டர்நெட் இருந்தால் அது திறந்தவுடன் சர்வரில் மிச்சமிருப்பதையும் உறிஞ்சிக்கொள்ளும். முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். விண்டோஸில் 'ஆப்டேட்டா' என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் ரோமிங், தண்டர்பேர்டு, புரொஃபைல்ஸ் என்று போனால் எல்லாம் அங்கேதான் இருக்கும். நான் அந்த ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு வந்தேன். அதற்குள் 'இன்பாக்ஸ்' என்ற பெயரில், பின்னொட்டு எதுவும் இல்லாமல், 3.4 ஜிபிக்கு ஒரே ஒரு ஃபைல். அக்காவின் மெயில் அத்தனையும் அதுதான். அதே பெயரில் எம்எஸ்எஃப் பின்னொட்டோடு பக்கத்தில் கிடக்கும் சின்ன ஃபைல் வெறும் அட்டவணை. அது வேண்டாம், தானாக மறுபடி உருவாகிவிடும்.

புது மெஷினில் தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த ஃபைலுக்கு வேறு பெயர் வைத்து, புரொஃபைலுக்குள் இருக்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற ஃபோல்டரில் போட்டேன். திறந்தால் இடது பக்கம் புது ஃபோல்டராக எல்லா மெயிலும் வந்து நின்றது. தேவையானதை ஐமேப் இன்பாக்ஸுக்கு இழுத்து விட்டால் சர்வருக்கும் ஏறிவிடும். ஆனால் எங்களுக்கு சர்வரில் ஒரு கணக்குக்கு 1 ஜிபிதான் இடம், அதனால் கடைசி ஒரு வருடத்தை மட்டும் ஏற்றினேன். மீதி லோக்கலில் இருக்கிறது, வெளி டிஸ்க்கில் ஒரு பிரதியோடு.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

மறுநாளிலிருந்து ஆபீஸில் கம்பெனி மெயில் அரை மணி நேரம் வரும், அப்புறம் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வரும். ஜிமெயில் இரண்டும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை காலையில் கம்பெனிக் கணக்கு மூன்றும் அடியோடு நின்றன. எனக்கு மட்டுமில்லை, ஆபீஸில் எல்லோருக்கும்.

டொமைனை வைத்திருக்கும் கம்பெனியின் ஹெல்ப் டெஸ்க்கைக் கூப்பிட்டேன். "சார், எங்க சைடுல சர்வர் நல்லா ஓடுது. பாஸ்வேர்டை ரீசெட் பண்ணிப் பாருங்க." பண்ணினேன். வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வேறொரு குரல், அதே பல்லவி. மூன்று கணக்குக்கும் ரீசெட் செய்தேன். இன்னும் மோசமாகியது. மோடத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

மதியம் சும்மா ஒரு முயற்சியாக என் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்தால், மூன்று கணக்கும் பட்டென்று ஓடுகின்றன! ஆபீஸ் வைஃபைக்கு மாறினால் செத்துவிடுகின்றன. அப்போதுதான் பிழைச் செய்தியையே ஒழுங்காகப் படித்தேன். பாஸ்வேர்டு தப்பு என்றால் 'லாகின் ஃபெயில்டு' என்று வரும். எங்களுக்கு வந்துகொண்டிருந்தது 'டைம்டு அவுட்'. அதாவது பாஸ்வேர்டைக் கேட்கும் கட்டத்துக்கே போகவில்லை, வாசலிலேயே கதவை அடைத்துவிட்டார்கள். ஆபீஸில் உள்ள எல்லாக் கருவிகளும் வெளியே ஒரே ஐபி எண்ணோடுதான் (இன்டர்நெட்டில் நம் முகவரி மாதிரி) தெரியும். எங்களுடையது மாறாத ஐபி, மோடத்தை அணைத்தாலும் அதே எண்தான். அந்த எண்ணைத்தான் சர்வர் தடை செய்திருந்தது.

இதற்கு நடுவில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். டென்மார்க் பையருக்கு அன்றைக்கே இன்வாய்ஸ் போயாக வேண்டும். ஹாட்ஸ்பாட் யோசனை வருவதற்கு முன்னால், ஜிமெயில்தான் ஓடுகிறதே என்று, அக்கவுன்ட்ஸ் கணக்கின் செட்டிங்ஸில் 'அவுட்கோயிங் சர்வர்' என்ற இடத்தில் என் ஜிமெயிலின் சர்வரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டேன். தண்டர்பேர்டு அதை அனுமதிக்கும், அனுப்புநர் முகவரியையும் கம்பெனி முகவரியாகவே காட்டும். ஆனால் அந்த முகவரி உங்கள் ஜிமெயிலில் முன்பே பதிவாகியிருக்காவிட்டால், ஜிமெயில் அதை எடுத்துவிட்டு உங்கள் சொந்த முகவரியைப் போட்டுத்தான் அனுப்பும்.

என் சொந்த முகவரி கல்லூரி முதல் வருடத்தில் விளையாட்டாக வைத்தது. இங்கே எழுத முடியாது. அந்த முகவரியிலிருந்து, பேங்க் அக்கவுன்ட் நம்பரோடு, ஓர் இன்வாய்ஸ் டென்மார்க்குக்குப் போயிருக்கிறது. கம்பெனி பெயரில் போலி மெயில் அனுப்பி, பேங்க் விவரத்தை மாற்றிக் கொடுத்துப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி ஏற்றுமதிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் உஷாராகிப் பேமென்டை நிறுத்திவைத்து, நேராக முதலாளிக்கே போன் போட்டுவிட்டார்கள். அடுத்த அரை மணி நேரம் முதலாளி அறையில் என்ன நடந்தது என்பதை விட்டுவிடுவோம்.

சரி, தடைக்கு வருவோம். மூன்றாவது முறை ஹெல்ப் டெஸ்க்கைக் கூப்பிட்டபோது பாஸ்வேர்டு பேச்சை எடுக்கவே விடவில்லை. "எங்க ஐபி நம்பர் இது. உங்க ஃபயர்வால்ல பிளாக் ஆகியிருக்கா, எந்தக் கணக்குல எத்தனை மணிக்கு லாகின் தப்பாச்சு, அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். இப்படிக் கேளுங்கள். இப்படிக் கேட்டால்தான் விவரம் தெரிந்த ஆளிடம் லைன் போகிறது. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: அக்கவுன்ட்ஸ் கணக்கில், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, தவறான பாஸ்வேர்டு. ராத்திரி இரண்டு மணிக்கும்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஆபீஸில் வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்லை. ரவுட்டருக்குள் போய் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த பெயர்கள், ஒன்றைத் தவிர. தேடிக்கொண்டு போனால், பேக்கிங் செக்‌ஷனில் டேபிள் ஃபேனுக்குப் பக்கத்தில் சார்ஜரிலேயே ஒரு போன். முதலாளி இரண்டு வருடம் பயன்படுத்திவிட்டு, கார்ட்டன் போட்டோ எடுக்க என்று அங்கே கொடுத்தது. அக்கவுன்ட்ஸ் மெயில் அதில் அப்படியே இருந்தது, பழைய பாஸ்வேர்டோடு. நான் பாஸ்வேர்டை மாற்றிய நிமிடத்திலிருந்து அது சளைக்காமல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஹெல்ப் டெஸ்க் சொல்லி மூன்று கணக்குக்கும் நான் ரீசெட் செய்தபோது, மற்றவர்களின் போன்களும் பழைய பாஸ்வேர்டோடு அதோடு சேர்ந்துகொண்டன. பாஸ்வேர்டு மாற்றுவதற்கு முன் அந்தக் கணக்கு எந்தெந்தக் கருவியில் இருக்கிறது என்று பட்டியல் போட்டுவிடுங்கள், கைவிட்ட போன்கள் உட்பட.

போனில் கணக்கை நீக்கினேன், அவர்கள் தடையை எடுத்தார்கள், ஐந்து நிமிடத்தில் மெயில் கொட்டியது.

அதன்பிறகு சில்லறை வேலைகள்தான். ஐந்து கணக்குக்கும் ஐந்து விதமான கையெழுத்து வைத்தேன். புது மெயில் எழுதும்போது கீழே இருக்கும் கையெழுத்தைப் பார்த்தாலே எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று கண்ணில் அடிக்கும். என் ஜிமெயிலை, எல்லாக் கணக்கையும் ஒன்றாகக் காட்டும் 'யூனிஃபைடு' இன்பாக்ஸிலிருந்து நீக்கிவிட்டேன், ஏன் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொன்று: ஃபில்டர் போட்டு மெயிலை லோக்கல் ஃபோல்டருக்கு நகர்த்தாதீர்கள். அது சர்வரிலிருந்து போய்விடும், போனில் பார்ப்பவர்களுக்குக் கிடைக்காது. ஷிப்பிங் அண்ணன் ஒரு நாள் முழுக்க ஒரு பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) டிராஃப்டைத் தேடியது என் ஃபில்டரால்தான். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் பேக்கிங் செக்‌ஷன் அண்ணன் அந்தப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க தம்பி, இதுல ஏதோ பண்ணீட்டீங்களாட்ட இருக்குது. பணம் வந்தா டிங்குன்னு ஒரு சத்தம் வருமுங்க. அது வந்தா அந்த வாரம் சம்பளம் கரெக்ட்டா போட்டுருவாங்கன்னு எங்களுக்கெல்லாம் தெரிஞ்சுக்குவோம். இந்த வாரம் சத்தமே இல்லீங்களே?"

பணம் வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். டென்மார்க் பேமென்ட் அன்று காலையில்தான் வந்திருந்தது.