சூசையப்பர் விற்பனைக்கு அல்ல

அமெரிக்காவில் வீடு வாங்கும்போது, விற்பவர் என்னென்ன கழற்றிக்கொண்டு போவார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார்கள். வாஷிங் மெஷின், ஜன்னல் திரை, தொங்குவிளக்கு, இப்படி. எங்கள் ஒப்பந்தத்தில் அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது: "முன்தோட்டத்தில் புதைக்கப்பட்டுள்ள புனித சூசையப்பர் சிலை, ஒன்று." இயேசுவின் வளர்ப்புத் தந்தை, ஆங்கிலத்தில் செயின்ட் ஜோசப்.

ஊர் மிசௌரியின் செயின்ட் லூயிஸ். பேட்டையின் பெயர் தி ஹில். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட இத்தாலியின் லொம்பார்டியிலிருந்து களிமண் வெட்டவும் செங்கல் சூளையில் வேலை பார்க்கவும் வந்தவர்கள் குடியேறிய இடம். சிசிலிக்காரர்கள் பிறகு வந்து சேர்ந்தார்கள். தெருவோரத் தீயணைப்புக் குழாய்க்குக்கூட இத்தாலியக் கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பு அடித்து வைத்திருக்கிறார்கள். சின்னச் சின்ன செங்கல் வீடுகள், நெருக்கமாக. பக்கத்து வீட்டில் பூண்டு வதக்கினால் நமக்குப் பசிக்கும். பேஸ்பால் ஜாம்பவான் யோகி பெராவும், ஆட்டக்காரராக இருந்து வர்ணனையாளரான ஜோ கராஜியோலாவும் எலிசபெத் அவென்யூவில் எதிரெதிர் வீட்டில் வளர்ந்தவர்கள். எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் படுக்கையறை எத்தனை என்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்வார்கள்.

இங்கே 'விற்பனைக்கு' என்ற பலகை வாசலில் ஏறுவதற்கு முன்பே பல வீடுகள் கைமாறிவிடும். ஞாயிறு பூசை முடிந்து படியிறங்கும்போதும், பேக்கரி வரிசையிலும் விஷயம் பரவிவிடும். எங்களுக்கும் அப்படித்தான். என் மனைவி தூத்துக்குடிக்காரி. 1926இல் கட்டிய அம்புரோஸ் கோயிலில் தவறாமல் பூசை காண்பவள். அங்கே பக்கத்து பெஞ்சுப் பாட்டி வீட்டை விற்கப் போகிறார் என்று காதில் விழுந்தது. ஏஜென்டுகள் இரண்டு பேரும் அதற்கப்புறம்தான் வந்தார்கள், கல்யாணம் நிச்சயமான பிறகு வரும் தரகர் மாதிரி.

வீட்டைப் பார்க்கப் போனோம். மாடியில் பளபளவென்று ஒரு சமையலறை. ஓவன் அடுப்புக்குள் விளக்கப் புத்தகம் உறை பிரிக்காமல் கிடந்தது. கீழே பேஸ்மென்டில் இன்னொன்று: பழைய கேஸ் அடுப்பு, பெரிய தொட்டி, இருபது பேர் உட்காரும் மேசை. "மேலே சமைச்சா வீடெல்லாம் வாடை வரும்" என்றார் பாட்டி. மனைவி என்னைப் பார்த்த பார்வையிலேயே நெத்திலி வறுபட்டது. அந்த நிமிஷமே வீட்டை வாங்கிவிட்டோம். மற்றதெல்லாம் காகித வேலை.

பாட்டிக்கு அது போதவில்லை. "எந்த ஊரு? எத்தனை பிள்ளைங்க?" என்று ஆரம்பித்தார். அவருடைய ஏஜென்டுக்கு உடனே இருமல். மதம், பூர்வீகம் பார்த்து வீடு விற்க மறுக்கக் கூடாது என்று 1968லிருந்து சட்டம் இருக்கிறது. அந்தப் பக்கம் பேச்சு திரும்பினாலே ஏஜென்டுகளுக்கு வேர்க்கும். பாட்டி அசரவில்லை. "குளிர் வந்தா அத்திமரத்துக்குச் சாக்கு சுத்தி, தலைல வாளி கவுப்பீங்களா?" இருமல். "கேட்டது மரத்தைப் பத்தி!" என்று பாட்டி அதட்ட, ஏஜென்ட் அம்மாள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நாங்கள் வாளி கவிழ்ப்பதாக வாக்குக் கொடுத்தோம்.

இன்ஸ்பெக்ஷன் வழக்கம் போல. 1978க்கு முந்தைய வீடு என்பதால் ஈயப் பெயின்ட் பற்றி ஒரு கட்டுக் காகிதம். சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விட்டால் சுட்ட களிமண் குழாய், உள்ளே வேர். களிமண் வெட்ட வந்தவர்கள் பேட்டையில் வேறு என்ன இருக்கும்?

இனி சூசையப்பர். வீடு சீக்கிரம் விற்க அவர் சிலையைத் தலைகீழாக, முகம் வீட்டைப் பார்க்க, விற்பனைப் பலகைக்குப் பக்கத்தில் புதைப்பது அமெரிக்கா முழுக்க இருக்கிற வழக்கம். ஜெப அட்டையோடு சேர்த்துப் பெட்டியிலேயே விற்கிறார்கள். வீடு விற்றதும் தோண்டியெடுத்துப் புது வீட்டில் மரியாதையாக வைக்க வேண்டும். (என் மனைவிக்கு இதைக் கேட்டதும் வந்த கோபம் தனி. "சூசையப்பரையா தலைகீழா?" என்று அன்று முழுக்கப் புலம்பினாள்.) சிக்கல் என்னவென்றால், இந்த வீட்டுக்குப் பலகையே வைக்கவில்லை. பாட்டி இருட்டில், யாருக்கும் தெரியாமல், ஓர் உத்தேசமாகப் புதைத்திருக்கிறார்.

கையெழுத்துக்கு முந்தின நாள் எல்லோரும் முன்தோட்டத்தில் கூடினோம். பாட்டியின் மகன் மெட்டல் டிடெக்டர் வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். சிலை பிளாஸ்டிக் என்று யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆணி ஏழெட்டு கிடைத்தது. தோண்டுவதற்கு முன், மண்ணுக்கடியில் குழாயும் கம்பியும் எங்கே போகிறது என்று கேட்க 811க்குப் போன் செய்ய வேண்டும் என்று எங்கள் ஏஜென்ட் முனகிக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுத் தாத்தா நாற்காலியை வேலியோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ரோஜாவுக்கு இடப்பக்கம்!" என்றார். யாருக்கும் தெரியாமல் புதைத்த லட்சணம் அப்படி.

மகன் கேரேஜிலிருந்து மண்வெட்டி எடுத்து வந்து இடப்பக்கம் வெட்டினார். வந்துவிட்டார் சூசையப்பர். மூக்கு உடைந்து, ஒரு முழ உயரத்தில், சுண்ணச் சிலையாக.

பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். "இது என்னோடது இல்ல."

தாத்தா சட்டென்று எழுந்து, அடுப்பில் சாஸ் இருக்கிறது என்று உள்ளே நழுவப் பார்த்தார். பாட்டி இத்தாலியனில் ஒரே ஒரு சொல் சொன்னார். மனுஷன் திரும்பி வந்து உட்கார்ந்தார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பாட்டியின் வீட்டுக்காரருக்குப் புறநகரில், இரண்டு கார் நிறுத்துகிற மாதிரி வீடு வாங்க ஆசையாம். மனைவியிடம் கேட்க தைரியமில்லை. சூசையப்பரிடம் மட்டும் விண்ணப்பம் போட்டுவிட்டு, அதோடு விட்டுவிட்டாராம்.

பாட்டி சிலையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திட்டினார். புருஷனையா, புனிதரையா என்று புரியவில்லை. அதற்குள் என் மனைவி தண்ணீர் மீட்டர் ஓரம் கரண்டியால் கிளறி, பிளாஸ்டிக் சூசையப்பரை மீட்டு, முதல் வேலையாக நிமிர்த்திப் பிடித்தாள்.

ஒப்பந்தத்தில் 'ஒன்று' என்றுதானே இருக்கிறது, மண்ணோடு இருந்த இரண்டாவது சிலை வீட்டோடு சேருமா, சேராதா என்று ஏஜென்டுகள் இருவரும் ஆரம்பித்தார்கள். பாட்டி கையமர்த்தினார். "இவர் இங்கயே இருக்கட்டும். நேரா நிக்க வையுங்க. மெதுவாத்தான் வேலை பாக்குறார், ஆனா பாத்துட்டார் பாருங்க."

சுண்ண சூசையப்பர் எங்கள் பேஸ்மென்ட் சமையலறைக்குக் குடிபோனார். எல்லோரும் கை கழுவப் போகும்போது, தாத்தா மகனின் கையிலிருந்த மண்வெட்டியைக் காட்டி மெல்லக் கேட்டார்: "தம்பி, அது உங்கப்பா அன்னைக்கு எங்கிட்ட வாங்கினது. இனிமேலாவது தந்துடறியா?"