மூலை வீட்டு அண்ணன் டெபாசிட் கட்டிய கதை

லாரியோடு வந்த பையன் ஏணி கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. 2022 ஆடி மாதம். எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் அந்த வருடத்தில் நான்காவது முறையாக நிரம்பி, ஒரு நடைக்கு 1,800 ரூபாய் பேசி லாரியை வரவழைத்திருந்தோம். அடியில் கெட்டிப்பட்ட கசடு குழாயில் ஏறவில்லை. பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. "அக்கா, ஏணி இருந்தா குடுங்க, இறங்கிக் கலக்கி விட்டுடறேன்" என்றான். ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் வருடச் சட்டப்படி குற்றம் என்று சொன்னேன். சிரித்தான். ஏணி தரவில்லை. பாதி டேங்க் அப்படியே இருக்க லாரி கிளம்பிப் போனது.

சென்னைக்குத் தெற்கே, ஏரிப் பாசன வயல்கள் மனைகளாகிப் போன நகர் எங்களுடையது. நான்கு குறுக்குத் தெரு, 112 வீடு. பத்தடியில் தண்ணீர் கிடைப்பதால் வீட்டுக்கு வீடு கிணறு, கிணற்றை ஒட்டியே செப்டிக் டேங்க். நான் வீட்டில் டியூஷன் எடுப்பவள், எல்லோருக்கும் டீச்சர். நலச் சங்கத்தில் செயலாளர் பதவி காலியாக இருந்தது. ஏன் காலியாக இருக்கிறது என்று யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன்.

பாதாளச் சாக்கடைக்கு வரைபடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. பொறியாளரைப் பார்க்கப் போனபோது, "உங்க நகர்ல ஒத்துழைப்பு இல்லீங்க மேடம். பம்பிங் ஸ்டேஷனுக்கு இடம் சொன்னாலே சண்டைக்கு வர்றாங்க" என்றார். அவர் மேல் கோபம்தான் வந்தது. ஊருக்கு வந்து கூட்டம் போட்ட பிறகுதான் அவர் சொன்னதில் பொய் இல்லை என்று தெரிந்தது. கோயில் மண்டபத்தில் 112 வீட்டுக்கு நாற்காலி போட்டேன். வந்தவர்கள் பதினொரு பேர். வந்தவர்கள் எல்லோருமே அடிக்கடி லாரி கூப்பிடுகிறவர்கள்.

வராதவர்களுக்கு ஏன் லாரி தேவைப்படுவதில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் ஊருக்கே தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. செப்டிக் டேங்கின் வழிந்தோடும் குழாயை மழைநீர் வடிகாலில் செருகியிருக்கிறார்கள். பகலில் வால்வு மூடியிருக்கும், ராத்திரி திறக்கும். இதில் மூலை வீட்டு அண்ணன்தான் முன்னோடி. அவருக்கு மாதச் செலவு பூஜ்யம். அவரிடம் போய் டெபாசிட் கட்டுங்கள், பிறகு வருடா வருடம் கட்டணமும் கட்டுங்கள் என்றால் யார் கேட்பார்? சுகாதாரம், கொசு, காலரா என்று நான் எழுதி ஒட்டிய நோட்டீசை அவர் நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "எழுத்துப்பிழை ஒண்ணுகூட இல்ல டீச்சர்" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

எங்கள் சங்கத்தில் இளவட்டங்கள் வடிகாலைப் படம்பிடித்துப் புகார் கொடுக்கலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். குழாயை அடைத்தால் அவர்களும் லாரி கூப்பிடுவார்கள், உண்மைதான். ஆனால் ஆயுசுக்கும் நம்மோடு ஒரு மண்டபத்தில் உட்கார மாட்டார்கள்.

அப்போதுதான் கறுப்பு பாட்டில் ஞாபகம் வந்தது. சின்ன பாட்டில், உள்ளே மருந்து தடவிய காகிதம். கிணற்றுத் தண்ணீரை நிரப்பி ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக்கிருமி கலந்திருக்கும் தண்ணீர் கறுத்துவிடும். டியூஷன் பிள்ளைகளிடம் கொடுத்து, அவரவர் வீட்டுக் கிணற்றில் பிடித்து வரச் சொன்னேன். இருபது பாட்டில். பெயர் எழுதவில்லை, எண் மட்டும்தான். பெற்றோரிடம் மட்டும் எண்ணைச் சொல்லி, மறுநாள் மாலை எங்கள் திண்ணையில் வரிசையாக வைத்தேன். பதினான்கு கறுத்திருந்தன. அதில் முதலாவது எங்கள் வீட்டுடையது, அதை நானே சொல்லிவிட்டேன். மூலை வீட்டு அண்ணனின் பேத்தி கொண்டு வந்த பாட்டில் மை மாதிரி இருந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார், வைத்தார், ஒன்றும் பேசவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அவர்கள் பாத்திரம் கழுவுகிறார்கள்.

பயம் வந்துவிட்டதே தவிர சம்மதம் வரவில்லை. "பணத்தை வாங்கிட்டு ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டுப் போயிடுவான்" என்பதுதான் எல்லோரும் சொன்னது. இதற்கு என்னிடம் பதில் இல்லை, சென்னை ஆலந்தூரில் இருந்தது. அங்கே 1990களின் பிற்பகுதியில், ஆர்.எஸ். பாரதி நகராட்சித் தலைவராக இருந்தபோது, குழாய் பதிக்கும் முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கு 10,000 ரூபாய் என்று மக்களிடம் டெபாசிட் வாங்க ஆரம்பித்து, சில வருடங்களில் பாதாளச் சாக்கடைத் திட்டத்தை முடித்தார்கள். அந்தக் காலத்தில் 5,000 சின்னத் தொகை இல்லை. என் சித்தி அங்கேதான் இருக்கிறார். எங்கள் தெருவிலிருந்து எட்டுப் பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் கூட்டிப்போனேன். சித்தி பழைய ரசீதை பீரோவிலிருந்து எடுத்துக் காட்டி, "குடுத்தப்ப வயிறு எரிஞ்சுது. அப்புறம் லாரிய நான் பாக்கவே இல்ல" என்றார். என் பத்து நோட்டீஸ் செய்யாததை அந்த மஞ்சளாகிப்போன காகிதம் செய்தது.

அதே வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில், நகர வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் தமிழ்நாட்டில் முதன்முதலாக நடந்தன. எங்கள் கவுன்சிலர் வைத்த கூட்டத்தில் 70 வீட்டுக் கையெழுத்தோடு மனு கொடுத்தோம். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டும்போதே ஓட்டையான குடிநீர்க் குழாயையும் மாற்ற வேண்டும் என்று சேர்த்தோம். ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் விடுகிற ஊரில், தண்ணீர் நின்ற பிறகு காலிக் குழாய் சுற்றியிருக்கும் சாக்கடையை விரிசல் வழியே உறிஞ்சிக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் வரும் கலங்கல் அதுதான்.

பெரிய ரகளை பம்பிங் ஸ்டேஷனில்தான். கழிவுநீர் சரிவில்தான் ஓடும். எங்களுடையது தட்டையான தரை, போகப் போகக் குழாய் ஆழமாகிக்கொண்டே வந்து, கடைசியில் ஓரிடத்தில் மேலேற்றித்தான் அனுப்ப வேண்டும். அந்த இடம் பூங்காவின் மூலை. பூங்காவைச் சுற்றியிருந்த பதினெட்டு வீடும் எதிர்ப்பு. நாற்றமே வராது என்று பொறியாளர் சொன்னார். அவர்களை வேறொரு பம்பிங் ஸ்டேஷனுக்குக் காலை ஆறு மணிக்கு அழைத்துப் போனோம். நாற்றம் வந்தது! சல்லடையில் மாட்டிய குப்பையை வாரும் நேரம் அது. அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் திரும்பி வரும்போது பேச்சு, "வாருகிற குப்பையை உடனே எடுத்துப் போவானா" என்று மாறியிருந்தது. வேண்டவே வேண்டாம் என்றவர்கள் எப்படி வேண்டும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பகுதி சபையில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் கேட்டார்: "கரண்டு போனா அது எங்க போகும் தம்பி?" 2015 டிசம்பர் வெள்ளத்தில் நாலு நாள் கரண்டு இல்லாமல் இருந்த தெரு எங்களுடையது. பொறியாளர் ஒரு நிமிடம் பேசவில்லை. மின்சாரம் போனால் பின்னால் ஏறி, தாழ்ந்த வீட்டுக் கழிப்பறையில்தான் வரும். ஜெனரேட்டர், உயரமான காற்றுக் குழாய், சல்லடைக் குப்பையை அன்றாடம் அகற்றுவது என மூன்றையும் தீர்மானத்தில் எழுத வைத்த பிறகுதான் பூங்கா வீடுகள் கையெழுத்துப் போட்டன.

தாழ்ந்த வீடுகளின் கவலை வேறு மாதிரி. ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு ஒன்றரை அடி உயர்ந்துவிட்டது, அவர்கள் வாசல் பள்ளத்தில் இருக்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இல் அரசே சொல்லியிருக்கிறது. அதையும் மனுவில் சேர்த்தோம். சில வீடுகளுக்கு இணைப்புக் குழாயில் கழிவுநீரைத் திரும்பி வர விடாத வால்வு வைக்க வேண்டியிருந்தது. வாடகை வீடுகளின் உரிமையாளர்களை வாட்ஸ்அப்பில் பிடித்த கதையை எழுதினால் தனி மகாபாரதம்.

மூலை வீட்டு அண்ணன் கடைசி வரை எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. 2024 தை மாதம் தோண்ட ஆரம்பித்த பிறகு ஒரு இரவு வந்தார். "டீச்சர், எங்க குழாய் எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியும்ல" என்றார். தெரியும் என்றேன். "யார்கிட்டயும் சொல்லலயே?" இல்லை என்றேன். டெபாசிட்டை இரண்டு தவணையில் கட்டலாமா என்று கேட்டார். எங்கள் இடத்தில் அதற்கு வழி இல்லை. பாதியைச் சங்கத்திலிருந்து கைமாற்றாகக் கொடுத்தோம். வடிகால் குழாயை அவரே சிமென்ட் வைத்து அடைத்தார்.

ஒப்பந்ததாரரின் ஆட்கள் மூன்றாம் குறுக்குத் தெருவை ஏழு மாதம் மூடாமல் வைத்திருந்தார்கள். "சொன்னோமா இல்லையா" என்று என்னைத் திட்டாதவர்கள் கிடையாது. இரண்டு பேர் பள்ளத்தில் விழுந்து கால் உடைந்தது. அந்தத் திட்டுக்கு நான் தகுதிதான், ஆறு வாரம் என்று வாக்குக் கொடுத்தது என் வாய்.

இணைப்பு கிடைத்து ஒரு வருடம் ஆகிறது. 112இல் 97 வீடு சேர்ந்திருக்கிறது. பழைய டேங்கைக் காலி செய்து மணல் போட்டு மூடிவிட்டோம். போன மாதம் பிள்ளைகளை மறுபடி பாட்டில் பிடித்து வரச் சொன்னேன். மூலை வீட்டுப் பாட்டில் இரண்டாம் நாளும் நிறம் மாறவில்லை. பேத்தி அதை வீட்டுக்கு எடுத்துப்போய் ஜன்னலில் வைத்திருக்கிறாளாம். எங்கள் வீட்டுக் கிணறு இன்னும் கறுப்புதான். பக்கத்து மனையில் சேராத வீடு ஒன்று இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போக வேண்டும்.