பச்சை பெல்ட்டுக்கு முன்

அக்டோபர் 3, வெள்ளி

பச்சை பெல்ட்டுக்கான கராத்தே கிரேடிங் தேர்வுக்குத் தேதி வந்துவிட்டது. நவம்பர் 2, ஞாயிறு, ஈப்போவில். வகுப்பு முடிந்து வரிசையில் நின்றபோது மாஸ்டர் சொன்னார். பிள்ளைகள் கை தட்டினார்கள். இன்று முழுக்கக் கொகுட்சு தாச்சிதான், பின்காலில் எடை தாங்கும் நிலை, தேவானின் (மண்டபத்தின்) ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும். உடல் எடையில் நூற்றுக்கு எழுபது பங்கு பின்காலில் இருக்க வேண்டும். என் பின்கால் அதை இந்த வாரமெல்லாம் நினைவில் வைத்திருக்கும்.

அக்டோபர் 4, சனி

படி ஏற முடிகிறது. இறங்க முடியவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

கோயில் படியிலும் அதே கதை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். நான் வேலை செய்கிற கிளினிக்கில் டாக்டர் ஒருமுறை பந்து விளையாடுகிற பையனுக்கு விளக்கியது நினைவுக்கு வந்தது. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது, நார்கள் நுணுக்கமாகச் சேதப்படுவது அப்போதுதான். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலி என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே கரைந்து போய்விடுமாம். இந்த வலி 12 மணி நேரத்துக்கு மேல்தான் தொடங்கும், 24இலிருந்து 72க்குள் உச்சம் தொடும், அப்புறம் தானாக இறங்கும். நாளை இறங்கிவிடும்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஹெய்யான் நிடான், தேர்வில் செய்ய வேண்டிய காத்தா (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு). 26 அசைவுகள். முதல் அசைவே இடப்பக்கம் திரும்பிக் கொகுட்சு தாச்சி, இரண்டு கையும் மேலே. நடுவில் மூன்று ஷுத்தோ உக்கே (கை விளிம்பால் தடுப்பது) அடுத்தடுத்து வருகிற இடத்தில் கால் நடுங்குகிறது.

பக்கத்து வரிசைப் பையன் மாஸ்டரிடம் கேட்டான்: "மாஸ்டர், ரெண்டாவது காத்தா ஏன் முதலாவதைவிடக் கஷ்டமா இருக்கு?" மாஸ்டருக்குக் கேள்வி கேட்டால் பிடிக்கும். ஒக்கினாவாப் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கராத்தே ஆசான் இத்தோசு இந்தக் காத்தா வரிசையை உருவாக்கியபோது இதுதான் முதலாவதாக இருந்ததாம். அவருடைய மாணவர் ஃபுனாகோஷிதான் இடம் மாற்றி, எளிதானதை முன்னால் வைத்தாராம். மனசுக்கு ஆறுதலாக இருந்தது. கஷ்டம் என்று பெரியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

அம்மா கேட்காமலேயே கோடாலித் தைலத்தை என் தலையணை பக்கத்தில் வைத்திருக்கிறார்.

அக்டோபர் 10, வெள்ளி

நான்கு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. இடி, கரண்டு போய்விட்டது, வகுப்பு இல்லை. இந்த மாதத்தில் சாயங்கால மழையை யாரும் குறை சொல்ல முடியாது, எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் எப்போதும் இப்படித்தான். ஆனால் எனக்கு இருப்பதே சில வெள்ளிக்கிழமைகள். நடு ஹாலில் ஐந்தடி இடத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தேன். சோபா இடிக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

தொடை வலியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இடது முழங்காலின் உள்பக்கம், அதுதான். தசை வலி இரண்டு காலிலும் இருக்கும், மந்தமாக இருக்கும், நடந்தால் குறையும். இது ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி இருக்கிறது, திரும்பும்போது மட்டும் வெடுக்கென்று வருகிறது. காலையில் எழுந்ததும் முதலில் அங்கேதான் அழுத்திப் பார்க்கிறேன். குளிக்கும்போது பார்க்கிறேன். கவுண்டரில் மருந்து அட்டை எழுதும்போது மேசைக்குக் கீழே மடக்கி நீட்டுகிறேன். வீக்கம் இல்லை. மடக்கும்போது மூட்டு மாட்டிக்கொள்ளவும் இல்லை. அப்படியென்றால் ஒன்றுமில்லை என்று மற்றவர்களுக்கு நானே சொல்வேன்.

அம்மாவுக்கும் இடது முழங்கால்தான் முதலில் போனது. அவருடைய அம்மாவுக்கும். இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

டாக்டர் பார்த்துவிட்டார். தசைநார் நன்றாக இருக்கிறது. "முட்டி உள்பக்கம் விழாம பாத்துக்குங்க, இடுப்புக்கும் தொடைக்கும் பயிற்சி செய்யுங்க, நிறுத்த வேண்டாம்." நிறுத்த வேண்டாம்!

அக்டோபர் 14, செவ்வாய்

நன்றாக இருந்தது.

அக்டோபர் 18, சனி

முறுக்கு. காலையிலிருந்து அடுப்பு முன்னால் நின்றுகொண்டே. நேற்று வகுப்பில் மாய் கேரி (முன்னுதை) மட்டும்தான், அதற்கு மேல் இது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்தபோது கால்கள் என்னுடையவை மாதிரி இருந்தன. அதற்கப்புறம்தான் மாமா வந்தார். சாப்பாட்டு மேசையில், எல்லார் முன்னாலும்: "நாப்பத்து நாலு வயசுல பச்சை பெல்ட்டு வாங்கி என்னம்மா பண்ணப் போற? யாரை அடிக்கப் போற?" எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டன் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

சொல்லியிருக்க வேண்டிய பதில் இப்போது வருகிறது. ஃபுனாகோஷி 1868இல் பிறந்தவர். கராத்தேயைத் தோக்கியோவில் காட்டப் போனது 1922இல். அப்போது அவருக்கு வயது 53. யாரை அடிக்கப் போகிறேன் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? வாரத்தில் இரண்டு மாலை, என் உடம்பு யாருக்கும் எடுபிடி செய்யாமல் எனக்காக மட்டும் வேலை செய்கிறது. அது எனக்கு வேண்டும். மிகவும் வேண்டும்.

அக்டோபர் 22, புதன்

சஷ்டி விரதம் தொடங்கிவிட்டது. அம்மா பாலும் பழமும்தான். நான் இந்த வருஷம் இருக்கவில்லை, முருகனிடம் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

முழங்கால். மறுபடியும்.

அக்டோபர் 26, ஞாயிறு

மாலை ஹாலில் சோபாவைத் தள்ளிவைத்துவிட்டுக் காத்தா செய்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. நடுவில் நிறுத்தினார். "முட்டி உள்ள போகுது பாரு. வெளிய தள்ளு. கால் விரலு பாக்குற பக்கம் முட்டி பாக்கணும்."

மாஸ்டரும் இதையே சொல்கிறார், டாக்டரும் இதையே சொன்னார். அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ரப்பர் தோட்டத்தில் கீழ்ப்பட்டை வெட்டும்போது குந்தின மாதிரியே மரத்தைச் சுற்றி வர வேண்டுமாம். முட்டியை உள்ளே விட்டால் பத்து மரத்திலேயே கால் போய்விடும், பாட்டிதான் முதல் நாள் நிரையில் (மர வரிசையில்) வைத்துச் சொல்லிக் கொடுத்தாராம். இருட்டில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். அப்புறம் மங்கு மங்காக (கிண்ணம் கிண்ணமாக) பால் எடுத்து, காண்டா வாளியை (காவடிக் கம்பில் தொங்கும் வாளியை) தோளில் போட்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. இத்தனை வருஷம் அம்மா வலி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "சொல்லி என்ன, யார் வெட்டுவா?" என்றார்.

சரியாக வைத்தும் ஏன் போனது உங்கள் முட்டி என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. நானூறு ஐந்நூறு மரம் நாள்தோறும் என்றால் எப்படி வைத்தாலும் போகும். அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பரே இல்லை, எல்லாம் செம்பனை.

முட்டியை வெளியே தள்ளிச் செய்தேன். வெடுக்கென்று வரவில்லை. அம்மா "இன்னொரு வாட்டி" என்றார். மாஸ்டரைவிடக் கண்டிப்பு. இருட்டும்வரை விடவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

மூன்று ஷுத்தோ உக்கேயும் நடுங்காமல் வந்தன. அதற்கடுத்த நுக்கித்தேயில் (விரல் நுனிக் குத்தில்) கியாய் கத்தினேன், தேவான் கூரையில் இருந்த புறா பறந்துவிட்டது. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தத் தலையசைப்புதான்.

அக்டோபர் 30, வியாழன்

தோற்றுப்போனால்? அடுத்த கிரேடிங் எப்போது என்று மாஸ்டர் சொல்லவில்லை. அதுவரை கால் இருக்குமா? தூக்கம் வரவில்லை. மூன்று மணிக்கு எழுந்து உடையை மறுபடியும் இஸ்திரி போட்டேன்.

நவம்பர் 1, சனி

மாஸ்டர் இன்று பயிற்சி வேண்டாம் என்றார். கேட்டுக்கொண்டேன். இடது முழங்காலில் ஒன்றும் இல்லை, வலது தொடையில்தான் பிடிப்பு. அம்மாவும் வருகிறாராம், தேவானில் நாற்காலி இருக்குமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். வேன் காலை ஆறரைக்கு.