‘பொருநை’க்கு இரண்டு ஹாஷ் வருவது ஏன்?

பாளையங்கோட்டை, நெல்லை வட்டாரக் கல்லூரிகளில் செக்யூரிட்டி லேப் பிராக்டிகலுக்குத் தயாராகிறவர்கள் முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஹாஷும் (தரவிலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி) என்கிரிப்ஷனும் (சாவி போட்டுப் பூட்டுவது) எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கும். லேபில் வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இங்கேதான் முளைக்கும்.

பைத்தானின் ஹாஷ்லிப் மாட்யூலில் உள்ள எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹாஷ் முறைக்கு ஸ்ட்ரிங்கை அப்படியே கொடுத்தால் டைப் எர்ரர் வரும். யூடிஎஃப்-8 முறையில் என்கோடு செய்து, அதாவது பைட்டாக மாற்றிக் கொடுங்கள். விடை எப்போதும் 32 பைட். ஹெக்ஸில் 64 எழுத்து.

தமிழ்ச் சொல்லைக் கொடுத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் நன்றாகப் பிடிபடும். ‘பொருநை’ என்று அடித்து என்கோடு செய்து நீளம் பாருங்கள். யூனிகோடில் 6 குறிகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 18. பக்கத்து சிஸ்டத்தில் அதே சொல் 21 காட்டலாம். அங்கே ‘பொ’வின் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக ஏறியிருக்கும். திரையில் வித்தியாசமே தெரியாது. ஹாஷ் அடியோடு மாறிவிடும். யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸை என்எஃப்சி முறையில் (பிரிந்த குறிகளை ஒன்றாக இணைப்பது) ஓட்டிவிட்டு ஹாஷ் எடுங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். டெர்மினலில் எக்கோ போட்டுச் சரிபார்க்கிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு: எக்கோ கடைசியில் ஒரு நியூலைன் சேர்த்துவிடும். அதைத் தடுக்கும் மைனஸ் என் போட மறந்துவிட்டு, சரியான ப்ரோக்ராமை அழித்து எழுதி நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

பாஸ்வேர்டுக்கு வெறும் எஸ்ஹெச்ஏ-256 போதுமா என்பது வைவாவில் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி. போதாது. அது வேகமாக ஓடுவதற்கென்றே அமைந்தது. அந்த வேகம் பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துப் பார்க்கிறவனுக்கும் கைகொடுக்கும். ஓஎஸ் யூரேண்டமில் 16 பைட் சால்ட் (பாஸ்வேர்டோடு கலக்கும் ரேண்டம் பைட்கள்) எடுத்து, வேண்டுமென்றே மெதுவாக ஓடும் பிபிகேடிஎஃப்2வில் 6,00,000 சுற்று கொடுங்கள். சால்ட் ரகசியமில்லை, ஹாஷோடு சேர்த்தே சேமிக்கணும். அதை விட்டுவிட்டால் சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் தவறென்றே வரும். பழைய ஹாஷ் முறைகளில் எம்டி5 2004இலும் எஸ்ஹெச்ஏ-1 2017இலும் கொலிஷனில் (இரு வேறு தரவுக்கு ஒரே ஹாஷ் வருவது) விழுந்தவை. ரெக்கார்டில் எழுதலாம், புதிதாக எதற்கும் பயன்படுத்தக் கூடாது.

இனி என்கிரிப்ஷன். ஏஇஎஸ் என்ற முறைக்குச் சாவி 16, 24 அல்லது 32 பைட், ஒரு தடவையில் பூட்டும் துண்டான பிளாக் 16 பைட். பிளாக்குகளைச் சங்கிலியாகக் கோக்கும் சிபிசி மோடில் சரியாக 16 பைட் செய்தி கொடுத்து 32 பைட் வந்தால் பதற வேண்டாம். பேடிங் (பிளாக்கை நிரப்பச் சேர்க்கும் பைட்கள்) முழு பிளாக் ஒன்றைச் சேர்த்திருக்கிறது, அது அப்படித்தான் வரணும். ஒவ்வொரு பிளாக்கையும் தனித்தனியாகப் பூட்டும் ஈசிபி மோடு வேண்டவே வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப் பெயருக்கென 16 பைட் பிளாக் ஒன்றை ஒதுக்கியிருந்தால், அம்பாசமுத்திரத்துக்காரர்கள் எல்லாருக்கும் அந்த இடத்தில் ஒரே சைஃபர்டெக்ஸ்ட் (பூட்டிய வடிவம்) விழும். யார் யார் ஒரே ஊர் என்பது சாவி இல்லாமலே தெரிந்துவிடும்.

செய்தி மாற்றப்பட்டதா என்பதையும் சரிபார்க்கும் ஜிசிஎம் மோடை எடுங்கள். நான்ஸ் (ஒவ்வொரு செய்திக்கும் புதிதாகக் கொடுக்கும் மதிப்பு) 12 பைட், டேக் (சரிபார்க்கும் முத்திரை) 16 பைட். ஒரே சாவியில் அதே நான்ஸ் இரண்டாம் முறை வரவே கூடாது. பைத்தான் லைப்ரரியான பைகிரிப்டோடோமில் நான்ஸை நீங்கள் கொடுக்காவிட்டால் அது தானாக 16 பைட் எடுத்துக்கொள்ளும். அதை அறியாமல் டிகிரிப்டில் முதல் 12 பைட்டை வெட்டி எடுத்தால் டேக்கைச் சரிபார்க்கும் மேக் செக் தோற்று வேல்யூ எர்ரர் வரும். சாவியைச் சந்தேகிக்கும் முன் நான்ஸின் நீளத்தைப் பிரிண்ட் செய்து பாருங்கள்.