புதுத் திரையும் டிரம் லெவலும்

ஓர் அனல்மின் நிலையத்தில் பழைய கன்ட்ரோல் டெஸ்க்கை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் திரைக்கு மாற்றினார்கள். அது ஆபரேட்டர்களுக்குத் தோதாக இருக்கிறதா என்று சிமுலேட்டரில் அளந்து சொல்லும் வேலை எனக்கு வந்தது. "ஆளை எப்படி சார் அளப்பீங்க?" என்று கேட்காதவர் இல்லை. எதற்கு அளக்கிறோம் என்பதற்கு 1979இல் நடந்த திரீ மைல் ஐலண்ட் விபத்தைச் சொல்வேன். அங்கே ஒரு வால்வு மூடாமல் திறந்தே கிடந்தது, விளக்கோ அணைந்திருந்தது. அது காட்டியது மூடச்சொல்லிப் போன உத்தரவை, வால்வின் நிலையை அல்ல.

முதலில் நாசா-டிஎல்எக்ஸ், வேலை எவ்வளவு சுமையாக இருந்தது என்று செய்தவரையே கேட்கும் முறை. சாண்ட்ரா ஹார்ட்டும் லோவெல் ஸ்டேவ்லண்டும் 1988இல் வெளியிட்ட படிவம். மூளை உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, வேலை அமைந்த விதம், முயற்சி, எரிச்சல் என்று ஆறு கோடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு குறி. இவற்றை ஜோடி ஜோடியாக ஒப்பிடும் 15 கேள்விகளும் உண்டு. ஷிப்ட் முடிந்து வந்தவர்களிடம் அதெல்லாம் நடக்கிற காரியமா? விட்டுவிட்டு நேர்ச் சராசரி எடுத்தேன், பலரும் செய்வதுதான். செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று: நான்காவது கோடு மட்டும் தலைகீழ். மற்றவற்றில் இடது ஓரம் குறைவு, வலது ஓரம் அதிகம்; அதில் இடது ஓரம் நல்லது, வலது ஓரம் மோசம். சொல்லாவிட்டால் பிரமாதமாக வேலை செய்தவர் வலது ஓரத்தில் குறி போட்டுவிடுவார்.

படிவத்தின்படி புதுத் திரையில் சுமை குறைவு. டிசைன்காரர்களுக்கு ஏகச் சந்தோஷம்.

அப்புறம் மிகா எண்ட்ஸ்லியின் சாகட் முறை, என்ன நடக்கிறது என்பது ஆபரேட்டருக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது. சொல்லாமல் கொள்ளாமல் சிமுலேட்டரை நிறுத்தி, திரைகளை இருட்டாக்கிவிட்டுக் கேட்க வேண்டும்: டிரம் லெவல், அதாவது பாய்லர் டிரம்மில் தண்ணீர் மட்டம், எவ்வளவு? ஏறுகிறதா, இறங்குகிறதா? பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் ஃபீட் பம்புகளில் எது ஓடுகிறது? எண்ணைப் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். ஏறுமுகமா இறங்குமுகமா என்பதில்தான் தடுமாறினார்கள், அதுவும் "ரொம்ப ஈஸி" என்று குறி போட்டவர்களே. பழைய டெஸ்க்கில் ரெக்கார்டர் தாளில் கோடு ஓடும், போகிற போக்கில் கண்ணில் படும். புதுத் திரையில் வெறும் எண். சுமை குறைந்ததே, பார்க்க வேண்டியதைப் பார்க்காததால்தான் என்பது என் கணிப்பு.

எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ட்ரெண்ட் கோடு கேட்டேன். இடமில்லை என்றார்கள். "அந்த லோகோவை எடுங்க தம்பி, இடம் தானா வரும்" என்றார் மூத்த ஆபரேட்டர் ஒருவர். எடுத்தார்கள். அடுத்த சுற்றில் கோடு இருந்தது, திசையைப் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள்.